எனக்கு அடுத்த ஆளு

என் நெஞ்சுக்குள்ள ஒரு பழைய ஆர்மோனியம் இருக்கு. யாரும் வாசிக்க வேண்டாம், அதுவே வாசிச்சுக்கும். ஓசூர்ல மிஷன் பள்ளிக்கூடத்துல நான் மூணாங்கிளாஸ் டீச்சர், அந்த ஊர் லுத்தரன் சபை ஐயரோட, அதாவது பாதிரியாரோட, சம்சாரம். அதனால கச்சேரிக்கு ஆளுக்குப் பஞ்சமில்ல. வார நாள்ல பிள்ளைங்க கேப்பாங்க, ஞாயித்துக்கிழமை சபை கேக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துலேருந்து எங்கள அங்க மாத்தினப்போ, "குளுகுளுன்னு ஊராம், உன் மூச்சு இளைப்புக்கு நல்லது"ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. குளுகுளுன்னுதான் இருந்துச்சு. மார்கழிப் பனி ஜன்னல் வழியா வந்து என் நெஞ்சுல குடித்தனம் வெச்சிடுச்சு. வாடகையும் குடுக்கல, காலியும் பண்ணல.

ஆஸ்பத்திரி மாத்திரை கேக்காத நாள்ல ஊமத்தை இலையக் காயவெச்சுக் கொளுத்தி, அந்தப் புகைய இழுக்கச் சொல்லியிருந்தாங்க. ஒரு காலையில சமையக்கட்டு ஜன்னலாண்ட நின்னு இழுத்துக்கிட்டிருந்தேன், பால்காரம்மா பாத்துட்டா. பொழுது சாயறதுக்குள்ள ஐயரம்மா பீடி குடிக்கிறாங்கன்னு தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணுலயும் செய்தி போயிடுச்சு. அந்தப் பேரோட நின்னிருந்தா நான் சந்தோஷமா ஒத்துக்கிட்டிருப்பேன். ஆனா ஒரு வாரத்துல பேச்சு மாறிடுச்சு. பீடி இல்லியாம், காசமாம்.

அப்பல்லாம் காசம்னு பேரு வந்துட்டா டீச்சரு பள்ளிக்கூடத்துல கால் வைக்க முடியாது. என் பயமெல்லாம் அதுதான். வீட்டுல படி ஏறினா இளைக்கும், ஜெபம் பண்ணினா இளைக்கும், ஆனா கரும்பலகை முன்னாடி மட்டும் இந்த இளைப்பு கொஞ்சம் மரியாதையா தள்ளி நிக்கும். என் வகுப்பு போச்சுன்னா அப்புறம் நானும் இளைப்பும் மட்டும்தான் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கணும்.

எங்க சபையில மாசத்துக்கு ஒரு ஞாயிறு இராப்போஜனம், இயேசுவோட கடைசி விருந்த நெனைச்சு எடுக்கறது. அப்பத்துக்கு அப்புறம் திராட்சரசம், ஒரே வெள்ளிப் பாத்திரம், எல்லாரும் அதுலதான் வாய் வைக்கணும். மொதல்ல ஆம்பளைங்க, அப்புறம் பொம்பளைங்க. பொம்பளைங்கள்ல மொதல் ஆளு ஐயரம்மா, அதாவது நான். எனக்கு அடுத்த ஆளு மூப்பரோட சம்சாரம். மூப்பர்தான் சபை நிர்வாகமெல்லாம் பாக்குறவரு, அவரு பொண்ணு என் வகுப்புல படிச்சா. மூணாவது கம்பவுண்டர் வீட்டம்மா. யாரு போட்ட வரிசையோ தெரியாது, ஆனா மாத்த முடியாது. கம்பவுண்டரம்மாவுக்கு ரெண்டாவது எடத்து மேல ஒரு கண்ணு. மூப்பரம்மாவுக்கு அந்தக் கண்ணு மேலயே ஒரு கண்ணு.

ஒரு நாள் கிணத்தடியில மூப்பரம்மா என்னப் புடிச்சுக்கிட்டாங்க.

"ஐயரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வாய் வெச்ச பாத்திரத்துல அடுத்தது நான் வாய் வெக்கணும். எனக்கு நாலு புள்ளைங்க கீது."

"இது வெறும் இளைப்புங்க. ஒட்டாது."

"எங்க சின்ன மாமியாருக்கும் வெறும் இருமலுன்னுதான் சொன்னாங்க. மூணாம் மாசம் எடுத்துட்டோம்."

குடத்த எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வர்ற வழியில எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு யோசனை வந்தா எங்க வீட்டுல பயப்படுவாங்க, அதனால ஐயர்கிட்ட சொல்லல.

அந்த ஞாயிறு பொம்பளைங்க முறை வந்தப்போ நான் எழுந்திரிக்கல. மூப்பரம்மா திரும்பிப் பாத்தாங்க. நீங்க போங்கன்னு கைய காட்டினேன். எல்லாரும் போயி வந்தப்புறம் கடைசியா நான் மட்டும் போயி முழங்கால் போட்டேன். பாத்திரத்தோட நின்ன எங்க வீட்டுக்காரரு என்னப் பாத்த பார்வையில பைபிள் வசனம் எதுவும் இல்ல. பாத்திரத்துல மிச்சம் இருக்கறத ஐயர் குடிச்சுத் தீக்கணும், அதுதான் மொறை. நான் குடிச்ச பாத்திரத்த சபையே பாக்க ஒரு சொட்டு விடாம குடிச்சாரு.

எவ்வளவு பெரிய தியாகம் பண்ணிட்டோம்னு தலைய குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்தேன். வாசல்ல கம்பவுண்டரம்மா, குரல தாழ்த்தறதா நெனைச்சுக்கிட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாங்க: "பாத்தியாக்கா, அவங்களுக்கே தெரிஞ்சிருக்குது."

திங்கக்கெழம என் வகுப்புல பாதி எடம் காலி. மூப்பர் பொண்ணும் வரல.

"என்ன பண்ணிட்ட தெரியுதா?"ன்னாரு இவரு. சத்தம் போடல.

"நல்லதுக்குத்தானேங்க பண்ணேன்."

"சபைக்கு முன்னாடி நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சும்மா."

சாயங்காலம் மூப்பரு வந்தாரு. காபிய தொடல. "அடுத்த இராப்போஜனத்துல உங்க வீட்டம்மாவுக்கு அடுத்து பொம்பளைங்க வந்தா சரி. வரலன்னா மேலிடத்துல சொல்லி வேற டீச்சர் கேக்கறத தவிர எனக்கு வழியில்லங்க ஐயரே"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல, சொல்லும்போது தரையப் பாத்துக்கிட்டுதான் சொன்னாரு.

பஸ் ஏறி பெங்களூருக்குப் போயி எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டரு படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "டி.பி. இல்லம்மா, ஆஸ்துமா. சாகமாட்டீங்க, ஆனா இது கூடவே இருக்கும்"ன்னாரு. இப்படிப் பாதி மட்டும் நல்ல செய்திய நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிஞ்சதும் இவரு அந்தப் படத்த ஜன்னலுக்கு நேரா தூக்கிக் காட்டி, நுரையீரல் சுத்தமா இருக்குன்னு எல்லாருக்கும் விளக்கினாரு. பொம்பளைங்க கிட்ட வந்து பாத்தாங்க. மூப்பரம்மா நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாங்க.

"ஐயோ, எலும்பு எலும்பா தெரியுதேம்மா! உள்ள ஒண்ணுமே இல்லியே, எல்லாம் அரிச்சுப் போச்சே!"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க தெரியும்"னு இவரு சொல்லிப் பாத்தாரு.

"எனக்கெல்லாம் தெரியாது"ன்னாங்க மூப்பரம்மா. அவங்க ஒடம்பு வாகப் பாத்தா என்னால மறுக்க முடியல.

மூப்பரு கெடு வெச்ச இராப்போஜன ஞாயிறு வந்துச்சு. காலையில மாத்திரை போட்டிருந்தேன், அது போட்டா மூச்சு வரும், கை நடுங்கும். ஆம்பளைங்க வந்துட்டுப் போனாங்க. நான் எழுந்து மொதல் ஆளா நடந்தேன். முன்னாடி முழங்கால் போட்டப்போ பக்கத்துல யாரும் இல்ல. பின்னாடி ஒரு புடவை சலசலப்பு கூட இல்ல. கோயில் அவ்வளவு அமைதியா இருந்தா என் நெஞ்சு சும்மா இருக்குமா? ஆர்மோனியம் ஆரம்பிச்சிடுச்சு. இருமல் தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. இப்ப இருமினா வகுப்பு போச்சு. மூச்சப் புடிச்சேன், கண்ணுல தண்ணி வந்துச்சு, பக்தின்னு நெனைச்சிருப்பாங்க.

இவரு பாத்திரத்த என் வாய்க்கிட்ட கொண்டுவந்தாரு. அவரு கையும் நடுங்குறத அப்பதான் பாத்தேன். அவரு மாத்திரையும் போடல.

குடிச்சேன். இவரு துணியால ஓரத்த தொடைச்சுட்டு நிமிந்து சபையப் பாத்தாரு. யாரும் வரல. பாத்திரத்த புடிச்சுக்கிட்டு நின்னாரு.

அப்ப பின்னாடி ஒரு பெஞ்சு கிரீச்சுன்னுச்சு. கம்பவுண்டரம்மா எழுந்துட்டாங்க. படத்த அவங்க வீட்டுக்காரர் நம்பினாரோ என்னமோ, இல்ல ரெண்டாவது எடம் சும்மா கெடக்கேன்னு தாங்கலியோ. நாலு அடி வெச்சிருக்க மாட்டாங்க, "ஏமம்மா, எங்க ஓடற?"ன்னு தெலுங்கும் தமிழுமா ஒரு குரல். கோயில்னு கூட பாக்காம மூப்பரம்மா அவங்கள முழங்கையால தள்ளிக்கிட்டு வந்து, பொத்துன்னு என் பக்கத்துல முழங்கால் போட்டாங்க. வரிசைய விட காசம் பெரிசில்ல.

ஆனா பயம் போயிடல. பாத்திரம் கிட்ட வந்ததும் இவரு கையோட சேத்து அதப் புடிச்சு, நான் குடிச்ச பக்கம் அந்தாண்ட போற மாதிரி திருப்பினாங்க. கண்ண மூடிக்கிட்டு ஒரு வாய் குடிச்சாங்க. அடுத்து கம்பவுண்டரம்மா. மூப்பரம்மா செஞ்சா நான் செய்ய மாட்டனான்னு அவங்களும் ஒரு திருப்பு. அப்புறம் வரிசையா எல்லாரும்.

வாசல்ல மூப்பரம்மா என்கிட்ட வந்தாங்க. "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களாலதான், சொல்லிட்டன். நாளைக்குப் பொண்ண அனுப்புறன். ஜன்னலாண்ட ஒக்கார வெய்யுங்க."

அனுப்பினாங்க. ஜன்னலாண்டதான் உக்கார வெச்சேன். அன்னிக்கு வகுப்புல, அது வரைக்கும் அடக்கி வெச்சிருந்த இருமலெல்லாம் சேத்து இருமித் தீத்தேன். ஒரு பிள்ளையும் எழுந்து போகல.

பல வருஷம் கழிச்சு அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அப்ப இருந்த எளவட்ட ஐயர் என்கிட்ட கேட்டாரு: "ஏம்மா, வேற எந்தச் சபையிலயும் பாக்கல, இங்க மட்டும் பொம்பளைங்க பாத்திரத்த ஒரு திருப்பு திருப்பித்தான் குடிக்கிறாங்க. கேட்டா ஆதியிலேருந்து எங்க வழக்கம்ங்கறாங்க. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். இருமல் வந்துடுச்சு.