பட்டினி போட்டு அழைத்து வந்த சம்பந்தி

என் தங்கையைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டாரும் கூடலூரில் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் பின்வாங்கக் கூடாது. வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

காரணம் எங்கள் அப்பா. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கென்று மலையேறிய மனிதர் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு கீழே இறங்கவேயில்லை. அந்தக் கதையை வருகிறவர் காதில் போடுவதற்கென்றே எங்கள் தெருவில் நாலு புண்ணியவான்கள் இருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மூக்குக்கு மேல் கோபம். அப்பாவின் மேல் காட்ட முடியாத கோபத்தை ஊரில் எல்லார் மேலும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நாலாவதாகக் கடமலைக்குண்டிலிருந்து ஒரு வீட்டார் வருவதாகத் தரகர் வந்து சொன்னார். ஒரே பையன், தோட்டந்துரவு உண்டு. பையன் வரமாட்டான், அப்பனும் ஆத்தாளும் மட்டும் வருவார்கள் என்றார். இவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே ஒரு முடிவு கட்டினேன். கம்பத்தில் எங்கள் பெரியம்மா பலகாரக் கடை வைத்திருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அக்காள். அங்கே இவர்களைச் சாப்பிட வைத்துவிட்டால், நம் வீட்டில் கை நனைத்தது மாதிரிதானே? எங்கள் வீட்டுக்கு வந்து எவனும் அப்பா கதையை ஓதுவதற்கு முன்னால் காரியம் முடிந்துவிடும். பெரியம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஏலே, பாவம்டா," என்றது. பிறகு, "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுண்டு பெரியவுக சொல்லியிருக்காக. கூட்டியா," என்றது. தங்கையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. தேனியில் நான் வாடகைக்கு அமர்த்திய கார் கரிவாயுவில் ஓடுவது; அதன் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பு கட்டியிருந்தது. டிரைவர் கம்பத்துக்காரர். அரை மணிக்கு ஒருதரம் இறங்கி, கம்பியால் கரியைக் குத்திவிட்டு, கறுத்த முகத்தோடு ஏறுவார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கோழி கூப்பிடும் முன்பே மாட்டு வண்டியில் கிளம்பி வந்திருந்தார்கள். உச்சிக்கு மேல் ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் கூடலூர் போய்விட வேண்டும். அதைவிட முக்கியமாக, கம்பம் வரைக்கும் இவர்கள் வேறெங்கும் சாப்பிடக் கூடாது. வயிறு நிறைந்துவிட்டால் பெரியம்மா கடையில் எதற்கு இறங்கப் போகிறார்கள்? விருந்தாளியைப் பட்டினி போடுவதற்காகக் கார் பிடித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காரில் போவது அதுதான் முதல் தடவை. பார்த்ததையெல்லாம் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். வீரபாண்டியில் ஆற்றங்கரை அம்மனைக் கும்பிட்டு வந்ததும் கோயில் வாசல் கடைகளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஓலையில் செய்த கிலுகிலுப்பை ஒன்றை வாங்கி ஆட்டிப் பார்த்தார். பக்கத்திலேயே பணியாரச் சட்டி. எண்ணெய் வாசத்தில் எனக்கே வாயில் நீர் ஊறியது.

"சூடா நாலு பணியாரம் வாங்குவமா?" என்று கணவரைப் பார்த்தார்.

"அது நேத்து மாவு அத்தை, புளிச்சுக் கெடக்கும்," என்று நான் முந்திக்கொண்டேன். பணியாரக்காரி என்னை முறைத்தாள். நல்லவேளை, டிரைவர் ஹாரனை அடித்தார்.

சின்னமனூரில் ஒரு இட்லிக் கடை அந்தக் காலத்தில் பேர்போனது. மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் பெரியவர், காரை நிறுத்தச் சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். வெள்ளை மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. "கடையில எங்க காசுக்குச் சாப்பிட்டா தோசமில்ல தம்பி. இவளுக்குப் பசி தாங்காது," என்றார்.

அவர் கால் படியில் பட்டுவிட்டது. உள்ளே வாழை இலை போடுகிற சத்தம் கேட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமா, இந்தத் தெருவுல முந்தாநேத்து ரெண்டு பேருக்கு வாந்திபேதிண்டு கேள்விப்பட்டேன்."

அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். வாந்திபேதி என்ற சொல்லுக்கு அன்றைக்கு அவ்வளவு பயம். பச்சைப் பொய். நல்லபடியாகப் பிழைப்பு நடத்துகிற கடைக்காரன் வயிற்றில் அடித்தேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறையில் சிலை செதுக்கியிருக்கிறது என்று யாரோ அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தே தீர வேண்டும் என்றார். வெயில் ஏறிவிட்டது. பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணச் சாமிகளைப் பார்த்து, "ஆத்தாடி, இதென்ன, ஒரு முழத் துணிகூட இல்லாம நிக்குதுக!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பாறையைப் பிடித்தார். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

கிறுகிறுப்பு. முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. பெரியவர் துண்டால் விசிறினார். புளியமரத்தடியில் ஒரு கிழவி மோர்ப்பானை வைத்திருந்தாள். பெரியவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அந்த நேரத்தில் நான் ஓடிப்போய் ஒரு செம்பு மோர் வாங்கி வந்திருக்க வேண்டும். மனிதன் என்றால் அதைத்தான் செய்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பசி வயித்துல மோர் பட்டா இன்னும் கிறுகிறுக்கும் மாமா. கம்பம் பக்கத்துலதேன், அங்கன சூடாச் சாப்பிட்டா சரியாப் போகும்." அவர் காரில் வைத்திருந்த கூஜாத் தண்ணீரை அந்த அம்மாவின் முகத்தில் தெளித்து, மிச்சத்தைக் குடிக்க வைத்து, கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கம்பத்தில் பெரியம்மா கடை வாசலில் கார் நின்றது. கூடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். சாட்சிக்கு ஆள் இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பெரியவர் உள்ளே நுழையாமல் நின்றார்.

"கடை யாருது தம்பி?"

"தெரிஞ்சவுகதேன் மாமா."

டிரைவருக்குத் தெரியும் அது யார் கடை என்று. கரிக்கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஆள் தொண்டையைச் செருமினார், கரி அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அரிசிக்குத் திண்டாட்டமான அந்த நாளில் பெரியம்மா எங்கிருந்தோ சேர்த்து வைத்து இட்லி அவித்திருந்தது. கூடவே கருப்பட்டி போட்ட பருத்திப்பால். இரண்டு பேரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கை கழுவி வந்து பெரியவர் மடியில் சுருக்குப்பையைத் தேடியபோது, பெரியம்மா நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னது.

"சம்பந்தி வீட்டாரு கிட்டக் காசு வாங்குவேனா? பொண்ணு எந் தங்கச்சி மக. நீங்க நம்ம வீட்டுலதேன் கை நனைச்சிருக்கீக."

பெஞ்சில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர், "அப்ப முடிஞ்ச மாதிரிதேன்!" என்று சத்தமாகச் சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுதேன் கூட்டியாந்தியா?"

"ஆமா மாமா," என்றேன். அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அட பாவி மகனே. உங்கப்பன் கதை எனக்கு முன்னமே தெரியும். அது எனக்குப் பெருசில்ல. நான் கை நனைக்காம வந்தது உங்களுக்காகடா. எம் மகனுக்கு இது ரெண்டாந்தாரம். மொதப் பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டா. ஒன்றரை வயசுல பிள்ளை இருக்கு. தரகன் அதை மறைச்சிட்டான்னு நேத்துத்தேன் தெரிஞ்சது. உங்க ஆத்தாகிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் நேரா நானே சொல்லணும், சரிண்டா சாப்பிடணும், இல்லேண்டா எந்திரிச்சுப் போகணும்ண்டு நெனச்சு வந்தேன்."

அந்த அம்மா மடியில் கிலுகிலுப்பையை வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். வீரபாண்டியில் அது யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை.

"இப்பவும் வேண்டாம்ண்டா சொல்லு, போயிர்றோம்," என்றார் பெரியவர். "ஆனா கை நனைச்ச பிறகு போனாகண்டு உங்க ஊரு பேசும். அதையும் ரோசிச்சுக்க."

ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் போவதற்குள் கூடலூரில் எங்கள் தெரு முழுக்கச் சேதி பரவியிருந்தது.

வீட்டில் அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. "அக்கா கடையில கை நனைச்சாச்சா?" என்று மட்டும் கேட்டது. நான் தலையாட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்ற தங்கையை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளே தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். தை மாதம் கல்யாணம்.

மச்சான் தங்கமான மனிதர். அந்தப் பிள்ளையைத் தங்கை தன் பிள்ளையாகவே வளர்த்தாள். அவள் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என் கல்யாணத்துக்கு வந்தாள், என் பிள்ளைகளின் காதுகுத்துக்கு வந்தாள், அம்மாவின் காரியத்துக்கு வந்து மூன்று நாள் மாடாக உழைத்தாள். ஒரு தடவைகூட என் வீட்டில் அவள் கை நனைத்ததில்லை. பக்கத்து வீட்டில் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் பட்டினி.

ஒரு நாள் என் மனைவி பொறுக்க மாட்டாமல் காப்பித் தம்ளரை அவள் கையில் திணித்துவிட்டாள். தங்கை அதைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் குடிச்சா அதுக்கு நீ என்ன அர்த்தம் வப்பியோ, எனக்குப் பயமா இருக்குண்ணே."

பிறகு தெருக்குழாயில் இரண்டு கை தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, தேனி பஸ் ஏறிப் போனாள்.