ஊர் எது என்று கேட்காத வினாத்தாள்

முதல் தடவை நான் பெயிலானது கணினிப் பாதுகாப்புப் பகுதியில்தான். மற்றப் பகுதிகளை எப்படியோ சமாளித்துவிட்டேன். இது மட்டும் காலை வாரிவிட்டது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். அங்கே வரவேற்பு மேசையில் தற்காலிகமாக இருந்தேன். மேல்மாடியில் கணினி உதவி மேசை ஒன்று தொடங்கப் போகிறோம், கணினித் தொடக்கநிலைச் சான்றிதழை வருட முடிவுக்குள் எடுத்தால் அந்தக் கதிரை உமக்குத்தான் என்றார் மேலாளர். எடுக்காவிட்டால் வேலையே இல்லை. வரவேற்பு மேசையில் ஒரு இயந்திரத்தை வைக்கப் போகிறார்களாம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னை அங்கே சேர்த்துவிட்டது என் கணவரின் அக்கா. அதே அலுவலகத்தின் சரக்குப் பத்திரப் பிரிவில் நீண்ட காலமாக இருப்பவர். நான் வெளியே போனால் மச்சாளின் மானமும் கூடவே போகும். அதை அவரே ஒரு நாளைக்கு மூன்று தடவை நினைவூட்டுவார்.

சனிக்கிழமைகளில் பாலையூற்றிலிருந்து லிங்கநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் வசதியாக உட்கார்ந்து, மாதிரி வினாத்தாளை வாசிப்பார். நான் மீன் வெட்டிக்கொண்டே பதில் சொல்வேன்.

"தொழில்நுட்பப் பிரிவிலயிருந்து கதைக்கிறன் எண்டு ஒராள் ஃபோன் எடுத்து பாஸ்வேர்ட் கேக்குது. முதல்ல என்ன செய்வீர்?"

"ஊர் எது எண்டு கேப்பன்."

மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாலு விடை கிடக்கு பிள்ளை. ஒண்டிலயும் ஊர் இல்லை."

"ஊரைக் கேட்டால்தானே ஆற்ற ஆக்கள் எண்டு தெரியும்? ஆக்களைத் தெரிஞ்சால் பிறகென்ன?"

பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஆளைச் சரிபார்ப்பது அப்படித்தான். கிண்ணியாவோ மூதூரோ, ஊரையும் தெருவையும் சொன்னால் போதும், தெரிந்த ஒருவர் எப்படியும் வந்துவிடுவார். புத்தகமோ, ஊராருக்குத் தெரிந்த எதுவும் அத்தாட்சி இல்லை என்கிறது. படித்த பள்ளிக்கூடமும் அம்மாவின் பெயரும் இரகசியக் கேள்விக்கு உதவாதாம். எங்கள் ஒழுங்கையில் என் இரத்த அழுத்தம்கூட எல்லாருக்கும் தெரியும். நான் இரகசியத்துக்கு எங்கே போவது?

சரியான விடை: அழைப்பைத் துண்டித்துவிட்டு, அலுவலகப் பட்டியலில் உள்ள இலக்கத்துக்கு நாமே எடுக்க வேண்டும். எனக்கு அது மரியாதை கெட்ட வேலையாகப் பட்டது.

"சாப்பிட்டாச்சோ எண்டு கேட்ட மனுசரை எப்பிடி மச்சாள் டக்கெண்டு வைக்கிறது?"

"உம்மை நம்பித்தான் கள்ளர் பிழைக்கிறாங்கள்," என்றார்.

அடுத்த கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், என் மேசைத் தொலைபேசி அடித்தது. தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒரு பெண்குரல். கொழும்பு அலுவலகமாம், கணினியில் ஏதோ திருத்த வேண்டுமாம். சாப்பிட்டாச்சோ பிள்ளை என்று வேறு கேட்டது. நான் உருகிப்போய் ஊரைக் கேட்டேன்.

"பாலையூற்றுத்தான்."

"அட! எங்கட மச்சாளும் அங்கதான்!" மச்சாளின் பெயரைச் சொன்னேன்.

"அவவைத் தெரியாமலோ? தங்கமான மனுசி."

"தங்கம்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்," என்றேன். அந்த உற்சாகத்திலேயே கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டேன். மகளின் செல்லப்பெயரும் வீட்டு இலக்கமும்.

மறுமுனையில் தடிமன் சட்டென்று மாறியது. மச்சாளின் சொந்தக் குரல் வந்தது. "என்ர வாய் எவ்வளவு நீளமெண்டு பின்னேரம் வந்து காட்டிறன், இரும்."

ஐயோ! பூமி பிளந்து விழுங்கினால் நல்லது என்றிருந்தது. மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் கோபத்திலேயே புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அப்படி நான் எதையுமே படித்ததில்லை.

இரண்டாம் தடவைப் பரீட்சையில் அந்தக் கேள்வி கிட்டத்தட்ட அப்படியே வந்தது. ஊர் எது என்று கேட்க என் வாய் துடித்தது. அழைப்பைத் துண்டிக்கும் விடையை அழுத்தினேன். பாஸ்.

உதவி மேசையில் உட்கார்ந்த இரண்டாம் கிழமை, தெரியாத கைபேசி இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. மச்சாள்.

"பிள்ளை, துறைமுகத்துக்குள்ள நிக்கிறன். என்ர ஃபோன் செத்துப்போச்சு, இது ஆற்றயோ ஃபோன். பாஸ்வேர்ட் பூட்டிக்கொண்டுது. மூண்டு மணிக்குக் கப்பல் வெளிக்கிடுது, அதுக்கு முதல் பத்திரம் அனுப்ப வேணும். கெதியாத் திறந்து விடும்."

மணி ஒன்றரை. தெரியாத இலக்கத்திலிருந்து கேட்டால் திறக்கக் கூடாது என்பது சட்டம். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு பிழை பிடித்தால் வீட்டுக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"ஏலாது மச்சாள். அடையாள அட்டையோட மேல வாங்கோ."

"என்ர குரல் தெரியேல்லையோ உமக்கு?"

"அண்டைக்கும் தெரியேல்லைத்தானே."

மச்சாள் டக்கென்று வைத்துவிட்டார். சோறு போட்ட கைக்குச் செய்கிற வேலையா இது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். எனக்காக மேலாளரிடம் போய்க் கதைத்த மனுசி, முழங்கால் வருத்தத்தோடு இந்த வெயிலில் நடந்து வரப்போகிறாரே.

இருபது நிமிடத்தில் படியேறி வந்தார், மூச்சிரைக்க, வியர்வை வழிய. அட்டையை மேசையில் டப்பென்று வைத்தார். படத்தில் ஒரு மெலிந்த பெண் முறைத்துக்கொண்டிருந்தார். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"வடிவாப் பாரும். ஊரையும் கேளும்."

நான் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து கொடுத்தேன். மச்சாள் என் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். படியில் கால் வைத்தவர் நின்றார்.

"எனக்கு வாய் நீளம்தான் பிள்ளை," என்றார். "உமக்கு இண்டைக்குத்தான் வாய் எண்டு ஒண்டு முளைச்சிருக்கு. விட்டிடாதையும்."