ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. புல்வெட்டுக்காரர் கிராப்பின் மெஷின் எழுப்பிவிடும். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய சின்ன இடம். அங்கே ஒரு புல்கூட இல்லை. அந்த இடத்தில் புல் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தி, கயிற்றைப் பிடித்து இழுப்பார். முதல் இழுப்பில் இருமும், அடுத்ததில் உறுமும். ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்.

“எந்தப் புல்லண்ணே வெட்டுறீங்க?” என்று மாடி ஜன்னலிலிருந்து தையல்காரர் கேட்பார்.

“உன் தூக்கத்தத்தான் வெட்டுறேன். பாதி முடிஞ்சிருச்சு, படு.”

புல்தரை வெட்டுவதும் தலைக்குக் கிராப்பு வெட்டுவதும் ஒன்றுதான், ஓரம் சுத்தமாக இருந்தால் மொத்தமும் சுத்தமாகத் தெரியும் என்று அவரே எப்போதோ ஒரு வீட்டில் சொல்லப்போக, கிராப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தத் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை என்பதில் தெருவுக்குக் கூடுதல் சந்தோஷம்.

வேலை இல்லாத மெஷினுக்கு எதற்கு வாராவாரம் இந்த மரியாதை? டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பல மாதம் அசையாமல் இருந்தால் கெட்டுவிடும். பிசின் மாதிரி உள்ளே அடைத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு வழிதான். ஒன்று, பெட்ரோலை முழுக்க வடித்து, துணி போர்த்தி, மூலையில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவ்வப்போது ஓடவிட வேண்டும். வடிப்பது என்றால், இனி வேலை இல்லை என்று வாய்விட்டு ஒப்புக்கொள்வது போல அவருக்கு. வானம் பொய்த்த அந்த நீண்ட காலம் முழுவதும் அவர் வடிக்கவில்லை.

“சும்மா கெடக்கற மெஷினுக்கு வாரம் தவறாமச் சாப்பாடு போடுறாரு. வேலைக்குப் போற எனக்கு ஒரு காபி போட்டுத் தர நாதியில்ல” என்பாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் இருந்தாள். வறட்சியிலும் அழுக்குத் துணிக்குப் பஞ்சம் வரவில்லை. வீடு அவள் கையால்தான் ஓடியது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததே அவருக்குச் சில நாள் தாங்கவில்லை.

வறட்சி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் குழாய் போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்றார்கள். பிறகு வாளியில் எடுத்து ஊற்றலாம், அதுவும் வீட்டு எண்ணைப் பொறுத்து முறை வைத்து என்றார்கள். கடைசியில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் தவிர வேறெதையும் மண்ணில் கொட்டவே கூடாது என்றாகிவிட்டது. ஒவ்வொரு அறிவிப்பையும் மகள்தான் போனில் பார்த்துப் படித்துக் காட்டுவாள். “அப்பா, அடுத்த கட்டம் வந்துருச்சுப்பா” என்று அவள் சொல்லும் விதம், பரீட்சை முடிவு சொல்வது போல இருக்கும். புல் முதலில் நுனி கருகியது, பிறகு மஞ்சளாகி, வைக்கோல் நிறத்துக்கு வந்து, மிதித்தால் நொறுங்கத் தொடங்கியது. வளராத புல்லை வெட்ட யார் கூப்பிடுவார்கள்?

அவருடைய வாடிக்கையிலேயே பெரிய புல்தரை டீச்சரம்மாவுடையது. தொழில் தொடங்கிய புதிதில் முதன்முதலாக நம்பிக் கூப்பிட்டது அவர்தான். அவரைப் பார்த்துத்தான் டீச்சரம்மா தெருவில் மற்ற வீடுகளும் கூப்பிட்டன. அந்தப் புல்லை மட்டுமாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று டீச்சரம்மா வீட்டுக் குளியலறைத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார் கிராப்பு. படிக்கட்டு இறங்கி, வீட்டைச் சுற்றி, மறுபடி ஏறி. முழங்கால் முதல் வாரமே முனக ஆரம்பித்தது. ஊற்றியது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

ஒரு மத்தியானம், காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா வந்து நின்றார்.

“வேற என்னதான் வழிப்பா?”

“பேசாம பிளாஸ்டிக் புல்லு போட்டுருங்க டீச்சரம்மா. எனக்கும் இடுப்பு தப்பிக்கும்.”

அலுப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். டீச்சரம்மா சிரிக்கவில்லை. “நல்ல யோசனைதான்” என்றார். அடுத்த வாரமே சுருள் சுருளாகப் பச்சை வந்து இறங்கியது. அதை விரித்துப் போடும் வேலையும் அவருக்கே வந்தது. பழைய வேர்களைக் கொத்தி எடுத்துவிட்டு விரிக்க வேண்டும். அவர் மேலோட்டமாகக் கொத்தினார். முழங்கால் மடங்கவில்லை என்பது ஒரு காரணம். இத்தனை வருஷம் சீவிவிட்ட தலையை மொட்டையடிக்கக் கை வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று அவருக்கே தெரியாது.

டீச்சரம்மா வீட்டுப் பச்சையைப் பார்த்து எதிர்வீடு போட்டது. பக்கத்து வீடு போட்டது. இன்னும் சிலர் கூழாங்கல் கொட்டினார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவருக்குப் புரிந்தபோது அந்தத் தெருவே பச்சைப் பசேலென்று இருந்தது. வெட்ட ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவன்.

“மாமா, எங்க கிடங்குல ஒரு ஆள் எடுக்கறாங்க. பெட்டி அடுக்கற வேலை. உள்ள வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. வருஷம் பூரா ஒரே குளிர்.”

“பொணத்த வைக்கற எடம் மாதிரியில்ல இருக்கு?”

“பொணத்துக்குச் சம்பளம் தரமாட்டாங்க மாமா. இங்க தருவாங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

“ஒரு மழை பெய்யட்டும். பழைய வீடுங்க கூப்பிடுதா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

“எடத்த ரொம்ப நாள் புடிச்சு வெச்சிருக்க முடியாது மாமா. சீக்கிரம் சொல்லுங்க.”

மழை வந்தது. முதல் நாள் தெருவில் எல்லாரும் வாசலில் வந்து நின்று நனைந்தார்கள். தையல்காரர் ஜன்னலிலிருந்து, “கிராப்பண்ணே, ஒங்க சீசன் வந்துருச்சு!” என்று கத்தினார். கிராப்பு பிளேடை அன்றே தீட்டி வைத்தார்.

ஆனால் மழை நிற்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று போய் வாரம் முழுக்கக் கொட்டியது. ஈரப் புல்லில் மெஷினை இறக்க முடியாது. வெட்டியதெல்லாம் களியாகி அடியில் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் சேற்றில் தடம் போடும். பிளாஸ்டிக் போடாத இரண்டு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். காயட்டும், வருகிறேன் என்றார். அதில் ஒருவர் பொறுக்காமல் பேட்டரி மெஷின் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். காய்ந்தால் புல் இல்லை. பெய்தால் வெட்ட முடியவில்லை. நடுவில் கிடைக்கிற கொஞ்ச நாளை நம்பித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோமா என்று அவருக்கே மலைப்பாக இருந்தது.

மழை விட்ட வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது. டீச்சரம்மா.

“கொஞ்சம் வந்துட்டுப் போப்பா. புல்லு வளந்திருக்கு.”

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “மழ விட்டதும் மொதப் போன் யார்கிட்டருந்து பாத்தியா?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பிளாஸ்டிக் போட்ட வீட்டில் எங்கே புல் வளர்ந்தது என்று அவர் யோசிக்கவே இல்லை.

போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. பிளாஸ்டிக் சுருள்கள் ஒன்றோடொன்று சேரும் இடமெல்லாம், மேலோட்டமாகக் கொத்தி விட்டுவைத்த வேர்களிலிருந்து, நிஜப் புல் கோடு கோடாக முளைத்து நின்றது. பிளாஸ்டிக்கின் பச்சை பளபளவென்று ஒரே மாதிரி. இது வெளிறிய, இளசான, காற்றுக்கு ஆடுகிற பச்சை.

“நீதானே போட்ட? அடியில சரியா எடுக்கலையோ?” டீச்சரம்மா கோபமாகக் கேட்கவில்லை. “மருந்து வாங்கி வெச்சிருக்கேன். அடிச்சுடறியா?”

அவர் ஒரு புல்லை விரலில் சுற்றிப் பார்த்தார். “செத்துப் போச்சுன்னு நெனச்சோமே டீச்சரம்மா. உசுரு இருந்திருக்கு. இந்தப் பிளாஸ்டிக்க எடுத்துருவோமா? ஒரே மாசத்துல பழைய மாதிரி ஆக்கிக் காட்டறேன்.”

டீச்சரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடுத்த வறட்சி வந்தா?”

அவர் விரலில் சுற்றியிருந்த புல்லை அவிழ்த்தார்.

“நீ வாளி தூக்கினத நான் ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். தெனம் அது காயறதையும் பாத்தேன். இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லப்பா. உனக்கு இருக்கா?”

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தவர், முழங்காலைத் தடவிக்கொண்டார்.

மருந்து வேண்டாம் என்றார். முழங்காலுக்கடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, விளிம்பைத் தூக்கி, ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினார். மழையில் ஊறிய மண் இளகியிருந்தது. இழுத்ததும் வெள்ளை வேர் நீளமாக வந்தது. இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. மெஷின் வாசலில் வண்டியிலேயே நின்றது. மத்தியானம் டீச்சரம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிடுங்கிய புல் ஒரு கூடைக்கு மேல் சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைப் பின்பக்கம் இறக்கினார். மனைவி வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். “வெட்டுனீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அவர் மெஷினைச் சாய்த்துக் குழாய் சொருகி, பெட்ரோலைக் கேனில் வடிப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“தம்பிக்கு நான் சொல்லிரட்டுமா?”

“சொல்லு. ஸ்வெட்டர் அவங்களே தருவாங்களான்னும் கேளு.”

டேங்க் காலியானாலும் மெஷினின் உள்குழாயில் கொஞ்சம் தங்கியிருக்கும். அதையும் எரித்துத் தீர்த்தால்தான் வேலை சுத்தம். மெஷினை நிமிர்த்தி வைத்துக் கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். உறுமியது.

மாடி ஜன்னல் திறந்தது. “என்னண்ணே, இன்னிக்கு வெள்ளிக்கிழமதானே?”

அவர் தலை நிமிராமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். மறு கை பிடியிலேயே இருந்தது. மெஷின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது. பிறகு திணறி, இரண்டு முறை விக்கி, தானாகவே நின்றது.