கணினிக்குள் ஒரு கொக்குவில் வீடு

நான் வேலை செய்யும் ஒஸ்லோ அலுவலகத்தில் ஒரு பேனை கையில்லாமல் படம் கீறுகிறது. பிளொட்டர் என்ற அந்த இயந்திரத்தில் அது தாளின் குறுக்கே விரைந்தோடி, நின்று, யோசிப்பதுபோல் தயங்கி, மறுபடி ஓடும். அதனோடு தனியே ஓர் அறையில் இருக்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். வீட்டுப்படம் கீறப் படித்தவளும் நான்தான். என் கோடு கொஞ்சமாவது நடுங்கும். இயந்திரத்தின் கோடு நடுங்குவதேயில்லை.

இங்கே வீடு கட்டப்படும் முன்பே திரையில் அதற்குள் நடந்து பார்க்கிறார்கள். பிடிக்காத சுவரை ஒரு விசையால் அழிக்கிறார்கள். பக்கத்து அறை இயந்திரம் அதே படத்தை வாங்கி, றெஜிபோம் என்ற வெள்ளை நுரைக் கட்டியைக் கையளவு வீடாக வெட்டித் தருகிறது. சீமெந்து ஆலை வைத்திருந்த எங்கள் குடாநாட்டுக்குள்ளோ போர்க்காலத்தில் ஒரு பை சீமெந்து கொண்டுபோகத் தடை. ரயில் நின்றுபோனபின் அப்பா தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைச் சுமந்து வந்து முற்றத்தில் பதுங்கிக்கொள்ளப் பங்கர் அமைத்தார். அம்மாவை என்னிடம் அனுப்பிவிட்டு, "வீட்டை ஆர் பாக்கிறது?" என்று அவர் மட்டும் நின்றுகொண்டார். பிறகு எங்கள் ஊர் கொக்குவிலிலிருந்து வந்த ஒருவர், எங்கள் வீட்டு ஒழுங்கையில் ஆமியின் செல் வந்து விழுந்து வெடித்தது என்றார். அப்பாவைப் பற்றிக் கேட்டோம். வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

புதிய மென்பொருளில் பழகுவதற்கு அவரவர் பிறந்த வீட்டைக் கீறச் சொன்னார்கள். கீறி முடித்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். படலையால் நுழைந்து, விறாந்தையைத் தாண்டி, அம்மா சமைத்த குசினிவரை திரையில் போனோம். வெயில் இல்லாத ஒரு வெளிச்சம். எங்கும் சத்தமில்லை.

"குசினி உவ்வளவு துப்பரவாய் எந்தக் காலத்திலையடி கிடந்தது?" என்று அம்மா சிரித்தார்.

"புகையைக் கீற எனக்குப் படிப்பிக்கேல்லை, அம்மா."

"அப்ப என்னத்தைப் படிச்சனி?"

அன்றும் வேலைக்கு வந்திருந்த பக்கத்து மேசை இங்கர் எட்டிப் பார்த்தாள். "ஃபீண்ட் ஹூஸ்," நல்ல வீடு என்றாள். ஆளில்லாத வீட்டின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது என்பதால், எங்கள் தொழில் வழக்கப்படி, ஓர் ஆளின் உருவத்தைப் படத்துக்குள் சேர்த்தாள். எல்லாப் படங்களிலும் வைக்கிற அதே ஆள்தான். அதை எங்கள் வாசற்படியில் நிறுத்தினாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினார்.

"இஞ்சாருங்கோ," என்றார் திரையைப் பார்த்து, அப்பாவைக் கூப்பிடும் அதே குரலில்.

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று இங்கர் குனிந்தாள். "யா?"

"முதுகைக் காட்டிக்கொண்டெல்லே நிக்கிறார். திருப்பச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். இங்கர் திருப்பினாள். அது வெறும் வெளிக்கோடு. முன்னும் பின்னும் ஒன்றுதான். முகமில்லை.

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அவர் வெளிக்கிட்டு வாறாரோ, உள்ளுக்குப் போறாரோ?"

அழித்துவிடவா என்று இங்கர் மெல்லக் கேட்டாள். திரைக் கண்ணாடியில் அம்மாவின் முகமும் என் முகமும் அந்த வாசலுக்குள் மங்கலாகத் தெரிந்தன. எங்களுக்குப் பின்னால் யன்னலில் ஒஸ்லோவின் பனி பெய்துகொண்டிருந்தது.