சம்பூர்ணம் போட்ட தளம்

சம்பூர்ணத்தை வேலைக்கு வைத்த எல்லோரும் முதலில் அவள் புருஷனைத்தான் வைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். கொத்தனார் சின்னப்பையன், அவருக்குச் சித்தாளாக வரும் பெண்சாதி சம்பூர்ணம் என்றுதான் பேச்சு. இரண்டு நாள் வேலை நடந்தால் போதும், யார் சொல்லி யார் கேட்கிறார் என்று புரிந்துவிடும். சின்னப்பையனுக்கு அதில் வருத்தம் கிடையாது. "கை என்னுது, யோசனை அவுளுது" என்று சிரிப்பார்.

இருவரும் முசரவாக்கம். கல்யாணத்துக்கு முன்பு பாலாற்றுப் பக்கம் ஒரு பாலம் கட்டிய இடத்தில் சம்பூர்ணம் இரண்டு வருஷம் கூலிக்குப் போனாள். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. எது வெடிக்கிறது, எது வெடிக்காமல் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவளுக்குச் சிமெண்டின் குணம் பிடிபட்டது.

எழுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் காசிநாதன் வீடு. நான்கு தறி ஓடும் வீடு அது. கூடத்துப் பின்வாசலிலிருந்து கிணறு வரைக்கும், அங்கிருந்து சாய அடுப்பு வரைக்கும் வெறும் களிமண். முந்தின மழையில் காசிநாதன் சாயம் தோய்த்த பட்டு நூலைக் கழியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வரும்போது வழுக்கி விழுந்தார். முழங்கை வீங்கியது ஒரு பக்கம். ஒரு முகூர்த்தப் புடவைக்கான அரக்கு நூல் அத்தனையும் சேற்றில் புரண்டது. அவர் மனைவி கங்கையம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "வைகாசி கருட சேவைக்கு முன்னாடி இங்க சிமெண்டு தளம் போட்டாவணும்."

தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பர்மிட் வாங்கி சிமெண்டு வந்தது. சம்பூர்ணமும் சின்னப்பையனும் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குள் வந்தார்கள். வீட்டுக்குள் நுழைவதில்லை, கிணற்றைத் தொடுவதில்லை. யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கங்கையம்மாள் தண்ணீர் சேந்தித் தொட்டியில் ஊற்றுவாள். அவர்கள் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

முதல் மூன்று நாள் சிமெண்டு மூட்டையை அவிழ்க்கவே இல்லை. களிமண்ணை முக்கால் முழம் வெட்டி எடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நான்கடிக்கு ஒரு மரச்சட்டம் குறுக்கே வைத்துக் கட்டம் கட்டமாகக் கலவையைப் போட்டார்கள். காசிநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, புதுசா போடற தளத்த நீயே துண்டு துண்டா பிரிக்கிறியே?"

"வெயிலுக்குத் தளம் கொஞ்சம் நீளும் ஐயா, குளிருக்குச் சுருங்கும். நாம வழி வுட்டா அதுல போவும். வுடலன்னா அதுவா ஒரு வழி பண்ணிக்கும். அப்புறம் நீங்கதான் தடுக்கி வுழணும்."

அன்று அடிபட்ட முழங்கையைத் தடவிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

தளம் முடிந்ததும் அதன்மேல் சாக்கு விரித்து நனைத்தாள். "பத்து நாளிக்கு இந்தச் சாக்கு காயக்கூடாதும்மா" என்று கங்கையம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் மாகறலில் கங்கையம்மாளின் தங்கை மகள் கிருஷ்ணவேணிக்குக் கல்யாணம். வீட்டோடு இரண்டு நாள் போகவேண்டும். அதைக் கங்கையம்மாள் கடைத்தெருவில் சின்னப்பையனைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு நாள் காஞ்சா இன்னா ஆயிடப்போவுது, இப்பவே கல்லாட்டம் இருக்குதே" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் கேட்டதும் சம்பூர்ணம் சத்தம் போட்டாள்.

"நீ இன்னாத்துக்குயா தலையாட்ன? இந்த வெயில்ல ரெண்டு நாளா?"

மறுநாள் வேறு இடத்து வேலையை விட்டுவிட்டு, முசரவாக்கத்திலிருந்து நடந்தே வந்தாள். சந்துப் படலைத் திறந்தபோது சாக்கு மொறமொறவென்று காய்ந்திருந்தது. தொட்டி காலி. கிணற்றில் கயிறும் வாளியும் இருந்தன.

அடுத்த வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. லோகாம்பாள். எனக்குச் சின்னம்மா முறை, மறைக்க ஒன்றுமில்லை.

"யாரது கெணத்தாண்ட?"

"நான்தாம்மா, சம்பூர்ணம். தளத்துக்குத் தண்ணி ஊத்தணும்."

"வூட்டுக்காரங்க இல்லாதப்ப கெணத்தத் தொடுவியா? யாரக் கேட்டு?"

"நீங்க வந்து நாலு வாளி சேந்திக் குடுங்கம்மா. நான் தள்ளி நின்னுக்கிறேன்."

சின்னம்மா அசையவில்லை. சம்பூர்ணம் கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினாள். ராட்டினம் கிறீச்சிட்டது. ஒவ்வொரு வாளியாகச் சேந்திச் சாக்கு முழுக்க ஊறும் வரை ஊற்றினாள். பொழுது சாயும்வரை இருந்து மூன்று தரம் நனைத்தாள். அடுத்த நாளும் வந்தாள்.

அன்று சாயங்காலம் கல்யாணக் கூட்டம் திரும்பியது. சின்னம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். சம்பூர்ணம் நினைத்திருந்தால் சந்து வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை, பதில் சொல்ல நின்றாள்.

கங்கையம்மாள் கொல்லைக்கு வந்தாள். குனிந்து சாக்கின் ஓரத்தைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தளம் சில்லென்று இருந்தது. நேராகக் கிணற்றுக்குப் போய் ஒரு வாளி சேந்தினாள். முகம் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், இரண்டு கை அள்ளிக் குடித்தாள். அடுத்த வாளியைக் குடத்தில் ஊற்றிச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். சின்னம்மா முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினாள்.

திரும்பி வந்தபோது கங்கையம்மாள் கையில் இலையில் மடித்த பட்சணம் இருந்தது.

"லட்டு நல்லாவே இல்ல. ஆனாலும் துன்னு. ரெண்டு நாளா நடந்து வந்துக்கினு கெடக்கிறியே." பிறகு, "இனிமே தொட்டி காலியா இருந்தா என்னக் கூப்புடாத. கயிறு அங்கதான் தொங்குது" என்றாள்.

அதனால் தெருவே ஒரே நாளில் மாறிவிடவில்லை. எங்கள் சின்னம்மா கருட சேவையன்றைக்குக்கூட கங்கையம்மாளோடு பேசவில்லை. ஆனால் ஐப்பசி மழை அடித்துப் பெய்தபோது காசிநாதன் ஈர நூலோடு அந்தத் தளத்தில் நடந்ததை மதிலுக்கு மேலிருந்து அவளும் பார்த்தாள். முதலில் நடை பழகும் பிள்ளை மாதிரி அடி மேல் அடி வைத்தார். பாதி வழியில் நிமிர்ந்து வீசி நடந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

அடுத்த வருஷம் சின்னம்மா வீட்டிலும் சம்பூர்ணம்தான் தளம் போட்டாள். யார் தண்ணீர் சேந்துவது என்ற பேச்சே வரவில்லை. வழக்கமாக வாளியை உள்ளே எடுத்து வைக்கும் சின்னம்மா அன்று அதைக் கிணற்று மேடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு சம்பூர்ணம் ஊரெல்லாம் போனாள். எழுபத்தெட்டில் ராஜவேலு என்கிற அரிசி மண்டிக்காரர் தன் வீட்டுப் பக்கவாட்டில் லாரி போக வழி போடச் சொன்னார். ஆறு அங்குலக் கனத்தில் கம்பி கட்டிப் போட்டார்கள். மேல்பூச்சை அவளே மட்டப்பலகை பிடித்து இழுத்து முடித்தாள். ஒரு மாதம் பொறுத்து, மூட்டை ஏற்றிய லாரி முதல் முறையாக அதில் ஏறியபோது அவள் கால்வாய் ஓரம் குந்தி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முடி அளவு விரிசல்கூட இல்லை.

ராஜவேலு சின்னப்பையனிடம் கேட்டார்: "மேஸ்திரி, எத்தினி வருஷம் தாங்கும்?"

"அவளக் கேளுங்க" என்றார் சின்னப்பையன்.

சம்பூர்ணம் எழுந்து முந்தானையை உதறினாள். "உங்க லாரி எத்தினி வருஷம் தாங்கும்னு மொதல்ல பாருங்க மொதலாளி."