வெள்ளை மொச்சை

யுத்த காலத்தில், கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்குப் போகும் சாலையோரம் ஒரு கன்னியர் மடத்தில் நான் இருந்தேன். ஐரோப்பாவில் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய ஒழுங்கை அங்கே ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்திருந்தார்கள். மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் பாட வேண்டும். சாப்பாட்டு அறையில் பேச்சே கிடையாது; மோர் வேண்டுமென்றால் சுண்டுவிரலைச் சப்பிக் காட்ட வேண்டும். பார்க்க வருகிற உறவினரிடம் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசலாம்.

நானோ வாயாடி. பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோர் முன்பும் முழங்காலிட்டு அவரவர் குற்றத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு குற்றம் தேடிப்பிடிக்கவே திண்டாடுவார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. புதியவர்களைப் பழக்குகிற சிஸ்டர், நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் அந்த இடம் எனக்கு உயிர். விடியலில் எல்லோரும் ஒரே குரலாகப் பாடும்போது, இதை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்றிருக்கும். ஆனால் அது என் கையில் இல்லை. பயிற்சிக் காலம் முடிந்ததும் சிஸ்டர்கள் பெட்டியில் ஓட்டுப் போடுவார்கள். வெள்ளை மொச்சை அதிகம் விழுந்தால் இருக்கலாம். கறுப்பு அவரைக்கொட்டை அதிகம் விழுந்தால், வந்தபோது கட்டியிருந்த புடவையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் அப்பா, நைனா, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "வோணான்னு சொல்லிட்டாங்கன்னா நேரா வூட்டுக்கு வந்துடும்மா. உங்க பாவா காத்துகினு இருக்கான். தையில முடிச்சிடலாம்" என்றார். பாவா, என் அத்தை மகன், நல்லவன்தான். எனக்குத்தான் கல்யாணமே வேண்டாம்.

ஓட்டுக்கு முந்தின நாள் ஆடிக் கிருத்திகை. சாலை முழுக்கக் காவடி. அரோகரா சத்தத்தில் எங்கள் மணி எங்களுக்கே கேட்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி காய்கறி வண்டி வரவே முடியாது. அன்று சமையல் என் முறை. பரணில் துழாவியபோது ஒரு டப்பாவில் வெள்ளை மொச்சை இருந்தது. காலையிலேயே ஊறவைத்து, மிச்சமிருந்த கத்திரிக்காயைப் போட்டு ராத்திரிக்குக் குழம்பு வைத்தேன். அரிசிக்கே ரேஷன் இருந்த நாட்கள். எல்லோரும் இன்னும் ஊற்று என்று சைகை காட்டினார்கள், பழக்குகிற சிஸ்டர் உட்பட.

மறுநாள் மடத்துத் தலைவியான மதர் அந்த டப்பாவைத் தேடினார். முழங்காலிட்டுச் சொன்னேன்.

"இன்னாது, குழம்பு வச்சிட்டியா?"

"ஆங், மதர்."

"உனுக்குப் போட வெச்சிருந்த ஓட்டுங்கள எங்களுக்கே ஆக்கிப் போட்டுட்டியே!"

ஓட்டைத் தள்ளிப்போட ஒழுங்கில் இடமில்லை. மதர் யோசித்து ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஒரு கறுப்புக் கொட்டை. நான் வேண்டாம் என்கிறவர்கள் அதைப் பெட்டியில் போட வேண்டும். வேண்டும் என்கிறவர்கள் பெட்டிக்குள் கையை விட்டு, போடாமலே எடுத்துக்கொள்ளலாம்.

என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அது தகரப் பெட்டி. கொட்டை விழுந்தால் ணங்கென்று கேட்கும் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கதவில் காதை வைத்தேன்.

பேச்சில்லாத வீட்டில் ஆளைக் காலடியில்தான் தெரிந்துகொள்வோம். மதரின் கனத்த நடை வந்தது, போனது. சத்தமில்லை. சமையல்கட்டு சிஸ்டர் காலை இழுத்து இழுத்து வந்தார். சத்தமில்லை. இப்படியே ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கடைசியில் பழக்குகிற சிஸ்டரின் விறுவிறு நடை. பெட்டி முன்னால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. போன வெள்ளிக்கிழமைகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரு வார்த்தையாவது குறைத்துப் பேசியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. பிறகு அந்தக் காலடி திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டது.

மதர் கதவைத் திறந்தபோது நான் தேம்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லியே, அதுக்குள்ள ஏம்மா அழுவுற?"

"கேட்டுச்சு மதர்."

"இன்னா கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேக்கல மதர்."