சிவப்பு மையால் வெட்டிய சல்லி

1. சைக்கிள் ஓடாத மணல்

இன்று அந்தத் தொகுதி இல்லை. திருகோணமலையையும் மட்டக்களப்பின் ஒரு பகுதியையும் ஒன்றாகச் சேர்த்து, வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க சபைக்கு ஓர் ஆளை அனுப்பிய காலம் அது. அதன் வாக்காளர் இடாப்பை, பெயர்ப் பட்டியலை, பார்த்துக்கொண்ட கிளாக்கர்மாரில் நானும் ஒருவன். இளம் கிளாக்கர்மார் அந்தக் காலத்துப் பெருமை கேட்க வருகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு வெட்கக்கேடு.

யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதும் சனம் ஊர் ஊராக வெளிக்கிட்டது. சில மாதங்களில் இடாப்பைத் திருத்த உத்தரவு வந்தது. எங்கள் தலைமைக் கிளாக்கர் ஒரு சிவப்பு மைப் பேனையைத் தந்தார்.

“தம்பி, ஆரும் சொல்லுற கதையைக் கேட்டுப் பேரை வெட்டாதையும். வாசல்ல நிண்டு கூப்பிட்டுப் பாரும். ஊரை விட்டே போன ஆளைத்தான் வெட்டலாம்.”

“ஓம் ஐயா” என்றேன். ஓம் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

சாம்பல்தீவு வரை சைக்கிள் ஓடியது. சல்லி என்ற மீனவ ஊருக்குத் திரும்பியதும் மணல். வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். கதவெல்லாம் பூட்டு. தோணிகளைக் கவிழ்த்து, பின்னிய தென்னங்கிடுகால் மூடியிருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரன் மகன். தோணியை எனக்குத் தெரியாது. கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

வழியில் வந்த ஒருவரைக் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லைத் தம்பி. தோப்பூர்ப் பக்கம் சொந்தக்காரரிட்டப் போயிட்டினம்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. மரநிழலில் அமர்ந்து, அடிமட்டம் வைத்து, கரையோரப் பெயர்கள் அத்தனையையும் வெட்டினேன். பக்கத்தில் ‘ஊரை விட்டுச் சென்றார்’ என்று எழுதினேன். கோடு நேராக வந்ததில் ஒரு திருப்தி வேறு.

2. பாக்கியம்

சில மாதம் கழித்து ஒரு பெண் எங்கள் கந்தோருக்கு, என் மேசைக்கு வந்தார். பெயர் பாக்கியம். ஊர் சல்லி. புருஷன் துறைமுக வேலைக்குப் போன இடத்தில் குண்டில் செத்தவர். இரண்டு பிள்ளைகள். அவர் விட்டுப்போன தோணியில் தன் தம்பியைக் கொண்டு தொழில் பார்க்கலாமென்று திரும்பி வந்திருக்கிறார்.

கரையில் பட்டாளம் முள்ளுக்கம்பி அடித்திருந்தது. பாஸ் இல்லாமல் உள்ளே போக ஏலாது. பாஸ் கொடுப்பவர்கள், யார் அந்த ஊர் ஆள் என்று பார்க்க எங்கள் வாக்காளர் இடாப்பைத்தான் வைத்திருந்தார்களாம்.

“என்ர பேர் வெட்டுப்பட்டுக் கிடக்கெண்டு சொல்லுறாங்கள் ஐயா. நான் செத்தா போனன்? அது என்ர சீதன வீடு.”

வோட்டுப் போடத்தானே இடாப்பு? அதை வைத்து ஒரு மனுசியை அவரது சொந்த வாசலில் மறிப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“ஊர் வெறுமையா இருந்தது. தோணியளையும் மூடி விட்டிட்டுப் போயிருந்தியள்…” என்று இழுத்தேன்.

பாக்கியம் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

“ஊரை விட்டுப் போறவன் தோணியைக் கொண்டு போவான், இல்லாட்டி விப்பான். கவுத்துக் கிடுகு போட்டா, நாங்கள் திரும்பி வருவம் எண்டுதானே! சல்லியில சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே ஐயா.”

நாற்பது அடி நடந்து தோணிகளைக் கிட்டப் பார்த்து, வழியில் வந்தவரிடம் அதைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

3. வட்டம்

தலைமைக் கிளாக்கரிடம் ஓடினேன். அவர் சட்டத்தைப் புரட்டினார்.

“பேரைச் சேர்க்க அவ விண்ணப்பிக்க வேணும். விண்ணப்பிக்க அந்த ஊரில இருக்க வேணும்.”

“இருக்கப் பாஸ் வேணும் ஐயா. பாஸுக்குப் பேர் வேணும்.”

அவர் சட்டப் புத்தகத்தை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வெட்டினதே பிழையெண்டா ஒரு வழி இருக்கு. நீர் வாசலுக்குப் போகேல்லை எண்டு கைப்பட எழுதித் தரவேணும். உம்மட வேலை போனாலும் போகும்.”

பயம்தான். ஆனாலும் எழுதினேன். ‘நான் ஒரு வாசலுக்கும் போகவில்லை. மேட்டில் நின்று பார்த்தே வெட்டினேன்.’

வேலை போகவில்லை. கடும் எச்சரிக்கையும், இரண்டு வருடம் சம்பள உயர்வு நிறுத்தமும். பெயர்கள் இடாப்பில் ஏறின. பாஸ் கிடைத்த அன்று நானும் பாக்கியத்தோடு சல்லிக்குப் போனேன்.

வீடு நின்றது. கரையில் ஒரு தோணியும் இல்லை. கரிதான் கிடந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் இங்கிலீசில் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது: இடாப்பில் ஆளில்லாத ஊர், ஆளில்லாத தோணிகள் என்று, கரையை வெட்டவெளியாக்க எரித்துவிட்டார்களாம். மூன்று கிழமைக்கு முன்பு.

பாக்கியம் அழவில்லை. கரியைக் காலால் தள்ளிப் பார்த்தார். நான்தான் மணலில் குந்தி அழுதேன்.

4. வாக்களிப்பு நாள்

போர் முடியுமுன் அந்தத் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. சல்லி ஊராருக்குப் பெயர் வாசிக்கும் வேலை எனக்கு. வரிசையில் பாக்கியம் வந்தார். அப்போது பட்டாளக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்துப் பெயரை உரக்க வாசித்தேன்.

“ஓம், இருக்கிறன்” என்றார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், “இப்பவாவது ஆளைப் பாத்து வாசிக்கிறியள்” என்றார்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, வாசலில் நின்று கூப்பிடாமல் ஒரு பெயரையும் நான் வெட்டியதில்லை. அது பாக்கியத்துக்கு ஒரு தோணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.